எண்பதுக்கு அப்புறம் ஒன்பது: பயிற்சி டீச்சர் இழை

கேள்வி: 30 ஜூன் 2024

டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சி) இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். கற்பித்தல் பயிற்சி என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி எடுபிடி வேலைதான் வாங்குகிறார்கள். போன வருஷம் நான் போன இடத்தில் வருகைப் பதிவேடு போட்டேன், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவு) விவரம் ஏற்றினேன், மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டேன். பாடம் நடத்தியது ஐந்து நாள் இருந்தால் அதிகம். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தாள் ஒன்றுக்கு 150 மார்க், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தாக வேண்டும். அதைத் தாண்டினால் நியமனத் தேர்வு என்று இன்னொரு மலை. இந்த நாள்களை வீட்டில் உட்கார்ந்து படிக்கக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

2 ஜூலை

கேட்டவர் சொல்வது சரிதான். நேற்று நானும் சேர்ந்தேன். வேடசந்தூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஹெச்.எம். 4, 5 வகுப்புகளை வைத்துக்கொள்கிறார். 1, 2, 3 மூன்றும் ஒரே அறையில், இன்னொரு டீச்சரிடம். அந்த அறைதான் எனக்கு. முதல் நாள் நான் செய்தவை: சாக்பீஸ் டப்பா வாங்கி வந்தது, 27 பிள்ளைகளுக்குச் செருப்பு அளவு எழுதியது, ஒரு பையனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டது.

இரட்டைச் சடை போட்ட இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று வந்து, "டீச்சர், நீங்க எத்தனாவது படிக்கிறீங்க?" என்று கேட்டது. பட்டயப் பயிற்சி, இரண்டாம் ஆண்டு என்றால் புரியாதே என்று பன்னிரண்டோடு இரண்டைக் கூட்டி, "பதினாலாவது" என்றேன். அது பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "பாவம்டி" என்றது.

4 ஜூலை

தொண்டை போய்விட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன்.

இன்று முதல் பாடம். மூன்றாம் வகுப்புக்கு ல, ழ, ள. நாற்பது நிமிஷத்துக்குப் பாடக் குறிப்பு எழுதி, புலி – புளி, வால் – வாள் என்று பட அட்டை வரைந்து, ஓரத்தில் பூ எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். புளி அட்டையைத் தூக்கிக் காட்டியதும் ஒருவன், "எங்க தோட்டத்துல புளியமரம் இருக்கு டீச்சர்" என்றான். அவ்வளவுதான். புளியமரத்தில் பேய் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறது என்று நாலு பேர் சாட்சி சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டி அழ ஆரம்பித்தது. என் நாற்பது நிமிஷப் பாடம் பதினொன்றாவது நிமிஷம் பேயோடு போய்விட்டது. அதற்குப் பிறகு "அமைதி, அமைதி" என்று நான் கத்தியதுதான் பாக்கி. என் சத்தம் கூடக் கூட அவர்கள் சத்தமும் கூடியது.

டீச்சர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. கரும்பலகைக்குப் போய் ஒரு வளைந்த கோடு போட்டார். நிறுத்தினார். அதன் நுனியில் குஞ்சம் மாதிரி நாலு கீற்று. மறுபடி நிறுத்தினார். "டீச்சர், என்னது டீச்சர் அது?" என்று முன்வரிசை அடங்கியது. பின்வரிசை எழுந்து பார்த்தது. முதுகுக் கோடு வந்தபோது, "மாடு!" "இல்ல, கழுத!" என்று பந்தயம். கடைசியில் பார்த்தால் சிங்கம். அப்புறம் என்னிடம் வந்து, "வாலை முதல்ல போடணும்மா. தலையை முதல்ல போட்டா உடனே கண்டுபிடிச்சிருவாங்க" என்றார்.

இதை எந்தப் பாடக் குறிப்பில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

5 ஜூலை

நல்ல செய்தி. மூன்றாம் வகுப்பில் ஒருவன் (சட்டையில் மேல் பொத்தான் கிடையாது, ஊக்குதான்) முழுப் பாடத்தையும் நிறுத்தாமல் வாசித்தான். விரல் வைத்து, ஏற்ற இறக்கத்தோடு. மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்தால் என்ன படிப்பார்கள் என்று போன மாதம் வேறோர் இழையில் நான்தான் எழுதினேன். வாபஸ்.

8 ஜூலை

வாபஸை வாபஸ் வாங்குகிறேன்.

ஊக்குப் பையனை இன்று மறுபடி வாசிக்கச் சொன்னேன், இந்தத் தடவை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து. வாய் பாடத்தை முடித்தபோது விரல் இன்னும் இரண்டு வரி மேலேயே நின்றது. அவனும் அதைப் பார்த்தான். சட்டென்று விரலைக் கடைசி வரிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னடா?" என்றேன். பாடத்தின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்துக்குப் பக்கத்தில் வரும் வேறொரு சொல்லைச் சொன்னான். மொத்தமும் மனப்பாடம். பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துவைத்திருக்கிறான். அந்த மூளைக்கு எழுத்துக் கூட்டுவது ஒரு பெரிய விஷயமா? ஆனால் மூன்று வருஷமாக அவனுக்கு அது தேவைப்படவே இல்லை.

டீச்சரிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "தெரியும்மா. அவன் அரும்புலதான் இருக்கான்" என்றார்.

10 ஜூலை

இன்று குமுறலுக்கு மட்டும். டீச்சருக்குக் குறுவள மையத்தில் பயிற்சி. பதினோரு மணிக்கு ஹெச்.எம்.முக்கும் ஏதோ அவசரக் கூட்டம். "ஒரு மணி நேரம் பார்த்துக்கம்மா" என்று கிளம்பியவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். ஐந்து வகுப்பு, ஓர் ஆள், அந்த ஆளும் இன்னும் ஆசிரியர் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஏட்டில் எங்கள் பள்ளி அதில் கச்சிதம். இன்றைக்கு ஏடு மட்டும்தான் பள்ளியில் இருந்தது.

சத்துணவு அம்மாதான் காப்பாற்றினார். சாப்பாட்டு மணியைப் பத்து நிமிஷம் முன்னாடியே அடித்துவிட்டார். முட்டையை உரித்துக் கொடுத்தே நாற்பத்தைந்து நிமிஷத்தை ஓட்டினேன்.

கேட்டவருக்கு: இது எடுபிடி வேலைகூட இல்லை. இதற்குப் பேரே கிடையாது.

11 ஜூலை

நேற்று எழுதியதில் கோபம் அதிகம், ஆனால் பொய் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மதியம் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், நான் கேட்காமலேயே, ஒன்றாம் வகுப்புக் குட்டிகளை வட்டமாக உட்கார வைத்து எழுத்து அட்டை விளையாட்டு நடத்தினார்கள். அவர்களுக்கு இது பழக்கம் என்று தெரிந்தது. நல்ல விஷயமா கெட்ட விஷயமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

12 ஜூலை

இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டதற்கு. "அரும்பு" என்றால் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரு நிலை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று. பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் எது தெரியும் என்று பார்த்து அந்த நிலையில் சேர்ப்பார்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் விட்டுப்போனதைப் பிடிக்க 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குள் எல்லாருக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும், 2025க்குள், என்பது குறி. 4, 5க்கு மறு வருஷம் வந்தது.

இன்னொரு திருத்தம்: 27 பிள்ளைகள் என்று எழுதினேன். வருவது 25. இரண்டு பேரின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் செருப்பு அளவு எழுதிவைத்தேன் என்பதை இப்போதுதான் உணர்கிறேன். யார் காலைப் பார்த்து எழுதினேனோ.

15 ஜூலை

காமராசர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப் போட்டியில் ஏழு பேர், ஏழு பேருக்கும் ஒரே பேச்சு. காலைச் சிற்றுண்டி இன்று முதல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். எங்களுக்குப் போன ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. திங்கள்கிழமை என்பதால் உப்புமா. நான் எட்டேகால் பேருந்தில் வந்து இறங்குகிறவள், சில நாள் அவர்களோடு உட்கார்ந்து ஒரு கரண்டி. சாப்பிடும்போது பிள்ளைகள் சொல்லும் கதையில் பாதியைப் பாட நேரத்தில் கேட்கவே முடியாது. அப்பா எங்கே, ராத்திரி யார் கூடப் படுத்தாள், ஏன் நேற்று வரவில்லை, எல்லாம் சாம்பாரோடு வந்துவிடும்.

21 ஜூலை

இன்று இடைநிலை ஆசிரியர் நியமனத் தேர்வு. என் அக்கா எழுதிவிட்டு வந்து பேசாமல் படுத்திருக்கிறாள். கேட்டவரின் கேள்வி எனக்குள்ளும் ஓடுகிறது. அவளுக்குக் குழந்தை வளர்ச்சிக் கோட்பாடு அத்தனையும் விரல்நுனியில். ஊக்குப் பையனின் விரலைப் பற்றிச் சொன்னேன். "இதெல்லாம் கேள்வியா வராதுடி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் உண்மைதான்.

24 ஜூலை

இரட்டைச் சடையின் அம்மா வந்திருந்தார். நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கி நேராக வந்தவர். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "கணக்கு வரவே மாட்டேங்குது டீச்சர். கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றார். சட்டப்படி அடிக்கக் கூடாதும்மா என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஆரம்பித்தேன். டீச்சர் என் கையை லேசாகத் தொட்டு நிறுத்தி, "சாப்பிட்டீங்களா? போய்ப் படுங்க, பிள்ளையை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அந்த அம்மா போனதும், "அவங்க அடிக்கச் சொல்லலம்மா. கவனிக்கச் சொன்னாங்க" என்றார். இருக்கலாம். ஆனால் என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் சொன்னபோது அடிக்கத்தான் சொன்னார்கள், அடியும் விழுந்தது.

26 ஜூலை

இதற்காகத்தான் இழையை மறுபடி திறந்தேன்.

பத்து பத்தாக எண்ணும் பாட்டு. கை தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். இரட்டைச் சடையின் முறை. "பத்து, இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது, எழுபது, எம்பது, ஒம்பது, நூறு!" கடைசியில் ஒரு பெரிய தட்டு.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "எண்பதுக்கு அப்புறம் ஒன்பதா? தொண்ணூறு! பத்துத் தடவை சொல்லு" என்றேன். சொன்னாள். அப்புறம் சிலேட்டில் தொண்ணூற்றைந்து எழுதச் சொன்னேன். 105 என்று எழுதினாள். "நீ கவனிக்கவே இல்லை" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். மதியம் முழுக்க வாய் திறக்கவில்லை.

27 ஜூலை

சனிக்கிழமை. துணி துவைக்கும்போது உறைத்தது. அவள் கவனிக்காமல் இல்லை. நான்தான் கவனிக்கவில்லை.

சொல்லிப் பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. ஏழு சொல்லும் "பது" என்று முடிகின்றன. தமிழில் அப்படி முடிகிற இன்னொரு எண்ணுப் பெயர் ஒன்பதுதான். பத்துகளின் குடும்பத்தில் இருக்க வேண்டிய முகத்தோடு அது ஒற்றை எண்ணாக எட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 90க்கு வந்தாலோ திடீரென்று "நூறு" என்று முடிகிறது. இதுவரை காதில் விழுந்ததை வைத்து ஏழு வயதுப் பெண் ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறாள். விதி சரி. மொழிதான் அந்த ஓர் இடத்தில் ஒரு படி நழுவி நிற்கிறது. 105உம் அப்படித்தான். தொண்ணூறு என்றதில் அவள் காதுக்கு நூறு கேட்டது, நூறையும் ஐந்தையும் எழுதினாள்.

நான் பத்தொன்பது வருஷமாகத் தொண்ணூறு சொல்கிறேன், அதில் நூறு இருப்பது இன்றைக்குத்தான் கேட்டது.

30 ஜூலை

"இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னால் குழம்பும், தொண்ணூறு என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டுப் போங்கள்" என்று ஒருவர். ஊக்குப் பையனும் மனப்பாடம்தான் செய்தான் ஐயா.

பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பேர் உண்டு, அந்தத் "தொண்" தான் தொண்ணூறில் இருக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நன்றி. தொண்டு என்ற பழைய பேர் உண்டு என்று எங்கள் தமிழ் விரிவுரையாளரும் சொன்னார். இரண்டாம் வகுப்புக்கு அது வேண்டாம், எனக்கு வேண்டும்.

நேற்று செய்தது இதுதான். வீட்டிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துக் கொண்டுபோய், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். அவளே ஒன்பது கட்டு அடுக்கினாள். "எத்தனை?" "ஒன்பது கட்டு." "குச்சி?" ஒவ்வொரு கட்டாகத் தொட்டு எண்ணினாள், ஒன்பதாவது கட்டில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். சொல்ல மாட்டேன் என்கிற பார்வை. போன வெள்ளிக்கிழமை எல்லாரும் சிரித்த இடம் அதுதானே. நான், "நீ அன்னைக்குச் சொன்னதுதான் ஒழுங்கான பேர். ஆனா ஒன்பதுங்கிற பேரை ஏற்கெனவே இன்னொருத்தருக்கு வச்சுட்டாங்க. அதனால இதுக்கு வேற பேர்" என்றேன். "தொண்ணூறு" என்றாள், மெதுவாக. அப்புறம், "யாரு வச்சா?" என்றாள்.

6 ஆகஸ்ட்

நீங்கள் எல்லாரும் இரட்டைச் சடையையே கேட்கிறீர்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று இன்று என் முந்தானையில் வாந்தி எடுத்தது. அதையும் பதிகிறேன்.

மூன்றாம் வகுப்பில் 12 + 9. ஊக்குப் பையன் எழுதியது 111. முன்னே மாதிரி இருந்தால் சிவப்புப் பேனாவில் தப்பு போட்டிருப்பேன். "எப்படிடா வந்துச்சு?" என்றேன். 2உம் 9உம் 11, அதைக் கீழே எழுதியாயிற்று. 1 மட்டும் தனியாக இருந்தது, அதை முன்னாடி வைத்தாயிற்று. கூட்டல் ஒன்றும் தப்பில்லை. பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் அவனுக்கு யாரும் காட்டாதது.

எங்கள் அறையில் சுவரைச் சுற்றித் தரையிலிருந்து ஓர் ஒன்றரை அடி உயரத்தில் தாழ்வான கரும்பலகை இருக்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்துச் சொத்து. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. நானே அதில் படித்தவள். பிள்ளைக்கு ஒரு துண்டுப் பலகை, சுவரில் ஏணிப்படம், ஓர் அட்டை முடித்தால் அடுத்த படி. இப்போது அந்தப் பலகையில் பாதி இடத்தைச் சாக்கு மூட்டை மறைத்துக்கொண்டிருந்தது. மூட்டையை நகர்த்திவிட்டு அவனை அங்கே உட்கார வைத்தேன். இரண்டு கட்டம். வலது கட்டத்தில் தனிக்குச்சி, இடது கட்டத்தில் கட்டு. பதினொரு தனிக்குச்சி வந்ததும், "கட்டு போட்டா அந்த வீட்டுக்குப் போகணும்" என்று அவனே ரப்பர் பேண்டைத் தேடினான். 21.

டீச்சர் எட்டிப் பார்த்து, "ஏணி வந்துச்சு, போச்சு. இப்ப அரும்பு வந்திருக்கு. ஈர்க்குச்சி மட்டும் எல்லாத்துக்கும் இருக்கு" என்றார்.

20 ஆகஸ்ட்

பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் பார்வைக்கு வந்தார். பதிவேட்டில் துணைக்கருவிகள் பக்கத்தில் பட அட்டைகளை எல்லாம் பாராட்டினார் (ஓரத்துப் பூ). ஈர்க்குச்சியை எழுதவில்லையா என்று டீச்சர் கேட்டார். இல்லை. குப்பை மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

கேட்டவருக்கு, மறுபடி. வருகைப் பதிவேடு போட்டேன், எமிஸ் ஏற்றினேன், வரிசை பார்த்தேன். எல்லாம் செய்தேன், இன்னும் செய்கிறேன், எரிச்சலும் குறையவில்லை. பத்தாம் தேதி மாதிரி இன்னொரு நாளும் வந்தது, அதை எழுதப் போவதில்லை. டெட் புத்தகத்தைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது, பயமாக இருக்கிறது. ஆனால் 105ஐ எந்தப் புத்தகத்தில் போய்ப் பார்ப்பீர்கள்? அடுத்த முறை வரிசை பார்க்கச் சொன்னால் தட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிவது.

30 ஆகஸ்ட்

சின்னதாக ஒன்று. மூன்றாம் வகுப்புக்கு நூறு நூறாக எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்று வகுப்பும் ஒரே அறை என்பதால் யாருக்கு எது காதில் விழும் என்று சொல்ல முடியாது. "எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம்" என்றதும் மொட்டு வரிசையிலிருந்து இரட்டைச் சடை எழுந்து நின்றுவிட்டது.

"டீச்சர்! இதுலயும் ஆயிரத்தத் திருடிருச்சு!"

ஆமாம். எண்ணூறுக்கு அப்புறம் ஒன்பது நூறாக வர வேண்டியது, ஆயிரம் என்று முடிகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிடித்துவிட்டாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. டீச்சரைப் பார்த்தேன், அவர் ஏதோ எழுதுவது போல் குனிந்துகொண்டார்.

இரட்டைச் சடை விடவில்லை. "அப்ப எட்டாயிரத்துக்கு அப்புறம்?"

"ஒன்பதாயிரம்."

நின்று யோசித்தாள். முகம் சுருங்கியது. "அது மட்டும் ஏன் ஒழுங்கா இருக்கு?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். இன்று வெள்ளி. யாருக்காவது தெரிந்தால் ஞாயிறு ராத்திரிக்குள் எழுதுங்கள்.